சீட்டு நாய்

வீட்டுக்குள் வந்ததும் அந்த நாய் செய்த முதல் காரியம், இல்லாத ஒரு படியில் இறங்கியதுதான்.

தொம்மை அதைத் தன் கண்ணால் பார்த்தார். வாசலைத் தாண்டிய நாய் முன்னங்காலைத் தூக்கி, தரை இன்னும் ஒரு சாண் கீழே கிடக்கிறது என்கிற மாதிரி நிதானமாக இறக்கியது. தரை முந்திக்கொண்டு பாதத்தில் இடித்தது. நாய் ஒரு கணம் திகைத்து நின்றது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்பதுபோல வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது. வீடென்றால் வீட்டு வசதி வாரியத்தின் கீழ்த்தள வீடு. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரே தட்டை. படியும் கிடையாது, பள்ளமும் கிடையாது.

"இதுக்குக் கண்ணு தெரியுமா? இல்ல இதுவும் எங்க வீட்டம்மா கணக்குத்தானா?" என்று கேட்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம் சிரித்துவிட்டாள். சர்க்கரை வியாதி அவள் கண்ணை வாங்கிக்கொண்டு மூன்று வருசம் ஆகிறது. சிரிப்பை மட்டும் வாங்கவில்லை.

நாயைக் கொண்டுவந்த கம்பெனிப் பெண்ணும் சிரித்தாள். பெயர் சுடர்விழி. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லாத் தெரியும் தாத்தா. அது பழைய வீட்டு ஞாபகம். ரெண்டு நாள்ல போயிடும்."

"ஒரு வயசு நாய்க்கு ஏதும்மா பழைய வீடு?"

"உடம்புக்குத்தான் ஒரு வயசு. புத்தி வேற நாயோடது. இந்த ஊர்லயே பல வருசம் ஒருத்தருக்கு வழிகாட்டின நாய். அதோட நினைவை எடுத்து இதுக்குள்ள வச்சிருக்கோம். தெரு, கேட், பஸ் வர்ற சத்தம், எல்லாம் இதுக்கு முன்னாடியே தெரியும். பழக்கவே வேண்டாம். உடம்பு ஒரு வம்சம், புத்தி ஒரு வம்சம். ரெண்டுக்கும் வம்சச் சீட்டு இருக்கு, பாருங்க."

சீட்டைத் தொம்மை வாங்கிப் பார்க்கவில்லை. பேப்பரை நீட்டிப் பேசுகிற ஆளை அவர் நம்பியதே கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், கைரேகை பதிந்து அட்டை எடுத்தவன்தான் உள்ளே வரலாம் என்று ஒருநாள் சட்டம் போட்டார்கள். மூட்டை தூக்கித் தூக்கித் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? மெசின் அவரைப் பார்த்து, நீ ஆளே இல்லை என்றது. அன்றிலிருந்து பேப்பர் என்றால் அவர் கையை நீட்டுவதில்லை.

ஆனால் இந்த நாய் வேண்டாம் என்று விரட்டவும் முடியவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் போன மாசம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த இருதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும் என்று சொல்லிவிட்டார். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது. தான் போய்ச் சேர்ந்துவிட்டால் இவளைக் கக்கூசுக்குக் கூட்டிப்போகக்கூட ஆளில்லை. மருந்துக்கடைக்கு யார், கோயிலுக்கு யார்? அந்த நினைப்பு வந்தால் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். அமலோற்பவத்திடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரசாங்கத் திட்டத்தில் கண் தெரியாதவர்களுக்கு நாய் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், யாரிடமும் போய் நிற்காத மனுசன் போய் நின்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து உறுமல் வந்தது.

"அது யாரு?" என்றாள் சுடர்விழி.

"கருவாடு" என்றாள் அமலோற்பவம்.

கருவாட்டுக் களத்திலிருந்து அவளைத் தொடர்ந்து வந்த பெட்டை அது. செம்மண் நிறம். ஒரு காது பாதிதான் இருக்கும். வந்த நாளிலிருந்து அமலோற்பவத்தின் கால்மாட்டைவிட்டு நகர்வதில்லை. அவள் எழுந்தால் எழும். அழுதால் முகத்தைக் கொண்டுவந்து மடியில் வைக்கும். அதற்காக அது நல்ல நாய் என்று தொம்மை சொல்லமாட்டார். அடுத்த வீட்டில் மீன் பொரித்தால் அங்கே போய்விடும். ஒருதடவை அமலோற்பவம் அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது மீன்காரன் வண்டியைப் பார்த்து ஓடிவிட்டது. இவள் நடுரோட்டில், இரண்டு பக்கமும் லாரி ஹாரன் அடிக்க, ஏசுவே ஏசுவே என்று நின்றாள்.

சுடர்விழி குனிந்து பார்த்தாள். "இதுக்குச் சீட்டு கிடையாதுல்ல? சீட்டில்லாத நாய் இந்தக் குடியிருப்புல இருக்கக்கூடாதுன்னு சட்டம், ஒரு வாரம்தான் கெடு தாத்தா. சீட்டில்லாத நாய் இருக்குற வீட்டுக்கு நாங்க நாய் தரவும் கூடாது. அடுத்த வாரம் நான் வரும்போது நாய் பிடிக்கிற கூண்டு வண்டியும் கூட வரும்."

"கூண்டு வண்டில போனா?"

சுடர்விழி தலைக்கவசத்தின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம், "இன்னொரு வழி இருக்கு" என்றாள். "இந்த மாதிரி ஒட்டிக்கிட்டே இருக்குற நாய்க்கு இப்ப நல்ல தேவை. தனியா இருக்குற பெரியவங்களுக்குத் துணைக்கு. கருவாட்டோட நினைவை இறக்க நீங்க சம்மதிச்சா, அது ஒரு புது வம்சத்தோட மூல நாய். மூல நாய்க்குச் சீட்டு தானா வந்துடும். ரெண்டையும் வச்சுக்கலாம்."

அமலோற்பவத்தின் முகம் மலர்ந்ததைத் தொம்மை பார்த்தார். "எறக்குறதுன்னா?"

"நகல் எடுக்குற மாதிரிதான்."

"நான் கப்பல்ல சரக்கு எறக்குனவன் தாயி. சரக்க எறக்குனா கப்பல் காலியாயிரும். தண்ணியவிட்டு மேல எழும்பி ஆடும். நகல் எடுத்துட்டு விட்ட கப்பல நான் பாத்ததில்ல."

"இது கப்பல் இல்ல தாத்தா."

"சரி. இந்த நாய்க்குப் புத்தி குடுத்துதே, அந்த மூல நாயி. அது எங்க இருக்கு?"

"ஓய்வுல இருக்கு" என்றாள் சுடர்விழி. அதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கம்பெனி அந்த நாய்க்குத் துணைவன் என்று பெயர் வைத்திருந்தது. அமலோற்பவம் தம்பி என்று கூப்பிட்டாள். தொம்மை அதைப் பேப்பர் என்றார். "ஏ பேப்பர், தள்ளிப் படு." கூப்பிட்ட பெயருக்கெல்லாம் அது மரியாதையாக எழுந்து வந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. மறுநாளே அமலோற்பவத்தின் கையில் தன் உடம்பில் மாட்டியிருந்த தோள்வாரின் பிடியைக் கொடுத்து, மூக்கால் அவள் முழங்காலைத் தொட்டு, கிளப்பிக்கொண்டு போனது. பள்ளம் வந்தால் நின்றது. பைக் வந்தால் அவளை ஓரத்துக்குத் தள்ளியது. தொம்மை பின்னாலேயே போனார். சாயந்திரப் பூசைக்குக் கோயில் வாசல்வரை போய், பெஞ்சில் உட்காரவைத்து, பூசை முடிந்ததும் திரும்பக் கூட்டி வந்தது. மூன்று வருசமாக அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நடந்தவள், அன்றைக்குத் தலையை நிமிர்த்தி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு நீங்க வராண்டாம்" என்றாள்.

"ஏன்?"

"பொறத்தாலயே இரைச்சுகிட்டு வாரிய. பிச்சைக்காரன் பின்னால வாரான்னு தம்பி பயப்படுது."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஏனென்றால் நாய் இன்னும் அந்தப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் போகும் என்றாள் அந்தப் பெண். போகவில்லை. அதைவிட மோசம், பிடியைப் பிடித்திருந்த அமலோற்பவமும் நாய் தாழ்கிறபோது தானும் காலைத் தாழ்த்தி வைக்கத் தொடங்கியிருந்தாள். இன்னொன்றும் இருந்தது. பொழுது சாய்கிற நேரம் நாய் போய்க் கதவுக்கு முன்னால் உட்காரும். குரைக்காது. சத்தம் வெளியே வராமல் ஒரு அழுகை அழும். இருட்டும்வரை அப்படியே இருக்கும். யாருக்காகவோ காத்துக்கிடக்கிறது.

"அது யாரையோ தேடுது" என்றார் தொம்மை. "ரெண்டு மேஸ்திரிக்கு வேல பாக்குறவன நம்பப்படாது. நம்மகிட்ட சோறு, அங்க விசுவாசம்."

"தேடட்டும். நம்மளுந்தான் தேடுதோம்."

"நம்ம என்னத்தத் தேடுதோம்?"

"நீங்க போனதுக்கப்பறம் என்னையப் பாக்க ஒரு ஆளத் தேடுதிய." அவள் கருவாட்டின் பாதிக் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கண்ணுதான் போச்சு. ராத்திரி நீங்க மூச்சுவிடுத சத்தம் கேக்கும்லா. டாக்டர் என்ன சொன்னாருன்னு நான் கேட்டனா?"

தொம்மை எழுந்துபோய்க் கருவாட்டின் தட்டில் சோற்றைப் போட்டார்.

"கருவாட்டுக்கு எறக்கிரட்டும்" என்றாள் அவள். "ரெண்டும் இருக்கும். எனக்கு ரெண்டும் வேணும். நகலுதான்னு அந்தப் பிள்ள சொல்லுதுல்லா."

சம்மதித்துவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. கருவாடு தட்டிலிருந்த சோற்றை வாயால் கவ்வி எடுத்து அமலோற்பவத்தின் காலடியில் கொண்டுவந்து வைத்துத் தின்றது. அதன் சாப்பாட்டு முறை அது. அவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு பருக்கை இறங்காது. அதைப் பார்த்தபடி, நாளைக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொம்மை முடிவு பண்ணினார்.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். அமலோற்பவம் திரும்பவில்லை.

முதலில் வாசலில் நின்றார். அப்புறம் தெருமுக்கில் நின்றார். கோயிலுக்குக் கூட்டிப்போகாமல் விட்டுப்போன கருவாடும் கூடவே வந்து அவர் காலுக்கும் ரோட்டுக்குமாக ஓடியது. பூசையிலிருந்து வந்த பக்கத்து வீட்டு ரோசலின், "அக்கா நம்ம பக்கம் திரும்பலியே. நாயோட ரயில்வே கேட் பக்கமால்லா போனா. நீங்கதான் எங்கயோ வரச் சொல்லிருக்கியன்னு நெனச்சேன்" என்றாள்.

கேட் பக்கம். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. உப்பு ஏற்றிப்போகிற கூட்ஸ் வண்டிகள் சாயந்திரமானால் வரிசையாகப் போகிற பாதை. தொம்மை ஓடினார். ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன உடம்பை வைத்துக்கொண்டு ஓடினார். கேட் மூடியிருந்தது. வண்டி தடதடவென்று போய்க்கொண்டேயிருந்தது. பெட்டிக்குப் பின்னால் பெட்டி, முடிகிற வழியைக் காணோம். பெட்டிகளின் இடைவெளியில் அந்தப் பக்கம் ஒரு வெளுத்த சேலை தெரிகிறதா என்று பார்த்தார். தண்டவாளத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாரில் யாரோ முழங்கையை ஊன்றி நிற்கிற மாதிரி வலித்தது. நம்பினேனே, ஒரு பேப்பரை நம்பினேனே என்று வாய் முனகியது.

கடைசிப் பெட்டி போனதும் கேட் திறந்தது. அந்தப் பக்கம் யாருமில்லை. கருவாடு தரையை மோந்துவிட்டு முன்னால் ஓடியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மீன்வண்டி அந்த வழியே போயிருந்தால் அது எந்த வாசனைக்குப் பின்னால் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் கடைசியில் கதவு திறந்து கிடந்த ஓட்டு வீடு. உள்ளேயிருந்து அமலோற்பவத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தொம்மை ஆத்திரத்தோடு வாசலுக்குள் காலை வைத்தார். தரை அங்கே இல்லை. உள்ளே ஒரு படி பள்ளம். தடுமாறி விழப்போனவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்து வாரும்" என்றது ஒரு குரல். "எல்லாரும் அங்கனதான் விழுதாவ. உம்ம வீட்டம்மா மட்டும் நேத்துவரைக்கும் இங்கேயே குடியிருந்தவ மாதிரி எறங்கி வந்துட்டா."

அந்தக் குரல் தொம்மைக்குத் தெரிந்த குரல். ஊருக்கே தெரியும். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று பஸ் ஸ்டாண்டு மைக்கில் வருசக்கணக்கில் கேட்ட குரல். அதற்குச் சொந்தக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கறுப்புக் கண்ணாடி. பெயர் வேதமுத்து. மைக்கில் பேசிய ஆளுக்குக் கண் தெரியாது என்பது தொம்மைக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பேப்பர் அவர் முழங்காலில் தலையை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தது. இந்த ஐந்து நாளில் அவர்கள் வீட்டில் ஒருதடவைகூட அது அப்படிக் கிடந்ததில்லை.

"என்னட்டி இது? எங்க வந்து உக்காந்திருக்க? உசுரு போயிட்டு எனக்கு."

"நானா வந்தேன்? தம்பி கூட்டியாந்துச்சு. வா வான்னு இழுக்குது. சரி என்னமோ சொல்லுதுன்னு வந்தேன். அழுவாதிய."

"யாரு அழுதா?"

"இரும் வே, உக்காரும்" என்றார் வேதமுத்து. "ஒம்ம மேல தப்பில்ல, அம்மா மேலயும் தப்பில்ல. இது என் நாயி. அதாவது, இதுக்குள்ள இருக்கறது என் நாயி. பேரு கண்டக்டர். பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை வாசல்ல கெடந்த குட்டி. என்னைய வீட்டுலருந்து மைக்கு ரூமுக்குக் கூட்டிப் போவும், பொழுது சாய வீட்டுக்குக் கூட்டியாரும். யாரும் பழக்கல."

"வம்சச் சீட்டு நீளமாப் போட்டுக் குடுத்திருக்கான்."

"போடுவான். சீட்டோட தலையில இருக்கறது பரோட்டாக் கடை நாயின்னு போடமாட்டான்." அவர் சிரித்தார். "கம்பெனிக்காரங்க வந்தாங்க. அய்யா, உங்க ஒருத்தருக்கு வழிகாட்டுறது ஆயிரம் பேருக்குக் காட்டட்டும்னு சொன்னாங்க. நல்ல காரியம்தானே. நகலுதான்னாங்க. நானே கூட்டிட்டுப் போயி விட்டேன்."

"பொறவு?"

வேதமுத்து சுவர் மூலையைக் கையால் காட்டினார். அங்கே ஒரு சாக்கின் மேல் கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. கருவாடு அதன் முகத்தருகே போய் மோந்தது, குரைத்தது, சுற்றிச் சுற்றி வந்தது. அது தலையைத் திருப்பவில்லை.

"தட்ட வச்சா திங்கும். வாசலத் தொறந்தா வெளிய போவும். திரும்பத் தெரியாது. என் கைய மோந்து பாக்கும், ஆனா யாருன்னு தெரியாது. அவங்க வேணும்னு பொய் சொன்னதா எனக்குத் தோணல. எடுக்கறப்ப அப்படி ஆயிருது போல. எல்லா மூல நாய்க்கும் அப்படித்தான்னு பொறவு ஒருத்தன் சொன்னான். அதோட உடம்ப என்கிட்ட குடுத்துட்டாங்க. மிச்சம் ஊரெல்லாம் நடக்குது."

 அமலோற்பவத்தின் கை தேடிக்கொண்டு கீழே போனது. கருவாடு ஓடிவந்து அந்தக் கைக்குள் தலையைக் கொடுத்தது. அவள் அதன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொம்மை அதைப் பார்த்தார். காலையிலேயே சுடர்விழிக்குப் போன் பண்ணிச் சம்மதம் சொல்லியிருப்பார். ஏதோ ஒரு சோம்பலில்தான் பண்ணாமல் விட்டிருந்தார்.

"கம்பெனில போயிச் சண்ட போடலியா?"

"போட்டா இது வராதே." வேதமுத்து பேப்பரின் நெற்றியைத் தடவினார். "நீங்க மொதல் ஆளில்ல. இந்த வம்சத்துல எந்த நாயக் குடுத்தாலும் ஒருநாள் பொழுது சாய இங்க வந்து நிக்கும். பின்னால பிடியப் பிடிச்சிகிட்டு யாராவது ஒருத்தர். ஒரு டீச்சரம்மா, ஒரு சின்னப் பையன். நான் காப்பி போட்டுக் குடுப்பேன். அவங்க வீட்டுல பயந்துபோயி கம்பெனிக்குச் சொல்லுவாங்க. அவன் வந்து ஊசி போட்டு இந்த வீட்டு நெனப்ப மட்டும் அழிச்சிருவான். அப்பறம் அது வராது. நானும் இதே நேரத்துக்குக் கதவத் தொறந்து வச்சிகிட்டு இருப்பேன். அடுத்த வண்டி எப்பன்னு எனக்கே தெரியாது." கடைசி வாக்கியத்தை மைக்கில் சொல்கிற மாதிரி நீட்டிச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தொம்மைக்குள் ஒரே குழப்பம். பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாலும் கருவாட்டைக் கூண்டு வண்டி விடப்போவதில்லை. இவளும் வழியில்லாமல் நிற்பாள். இறக்கச் சம்மதித்தால், இதோ இந்தச் சாக்கின் மேல் கிடக்கிறது மாதிரி ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும். கருவாட்டைக் கூண்டுக்கு விட்டால் இவள் மூஞ்சியை எப்படிப் பார்ப்பது? இவள் பார்க்கமாட்டாளே என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இந்தச் சந்துல கூண்டு வண்டிச் சட்டம் உண்டா?" என்று கேட்டார்.

"வாரியத்து வீடுகளுக்குத்தானே வே. இங்க இன்னும் வரல. வரும்னு பேச்சு."

"எங்ககிட்ட ஒண்ணு கெடக்கு. இப்ப குரைச்சுதே, அதுதான். சீட்டு கெடையாது. திருடும். அடுத்த வீட்டு மீனு மேல கண்ணு. சொன்ன பேச்சுக் கேக்காது."

"கூப்புட்டா திரும்பிப் பாக்குமா?"

"பாக்கும்."

"அது போதும் எனக்கு" என்றார் வேதமுத்து.

அமலோற்பவம் கருவாட்டின் கழுத்தை விடவில்லை. "சோறு என் காலடியில வச்சுதான் திங்கும்" என்றாள். 

"நீதான் தினமும் வரப்போறியே" என்றார் தொம்மை. "இந்தப் பேப்பர் உன்னைய வராம விட்டுருமாக்கும்?"

கெடு முடிந்த நாளில் சுடர்விழி வந்தாள். கூண்டு வண்டி குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே இஞ்சினை ஓடவிட்டபடி நின்றது.

"கருவாடு எங்க?"

"ஓடிப்போச்சு" என்றார் தொம்மை.

அவள் கட்டிலுக்கடியில் பார்த்தாள். வண்டிக்காரனுக்குக் கை காட்டினாள். வண்டி போனது. தொம்மைக்குப் பாதி மூச்சு வந்தது. மீதி மூச்சு இனிமேல்தான்.

"இந்த வம்சத்துல ஒரு புகார் உண்டு தாத்தா. சில சமயம் வழி மாறிப் போகும். அப்படி ஏதாவது?"

"இல்ல."

"சாயந்திரம் கதவுகிட்ட உக்காந்து அழுதுச்சா?"

"எங்க வீட்ல அழுவ யாருக்கும் நேரமில்ல."

"அந்தப் படி?" அவள் நேராகப் பார்த்தாள். "அது போகலைன்னா மத்ததும் போகலைன்னு அர்த்தம். ஒரு ஊசிதான். பாட்டி, நாயைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வாங்களேன், பாக்கலாம்."

தொம்மை கணக்குப் போட்டார். ஊசி போட்டால் அந்த வீடு போகும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிற மனுசன் போவார். காலடிக்குக் காத்திருக்கிற கருவாடு போகும். தான் செத்த பிறகு இவள் போய் உட்கார ஒரு இடம் இருந்தது. அதுவும் போகும்.

அமலோற்பவம் பிடியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். தொம்மையும் பின்னாலேயே போனார். வாசலில் திரும்பினார்கள். நாய் உள்ளே வந்தது. காலைத் தூக்கியது. இல்லாத படியில் நிதானமாக இறங்கியது. பிடியைப் பிடித்திருந்த அமலோற்பவமும் ஒரு படி இறங்கினாள்.

சுடர்விழி வாயைத் திறப்பதற்குள் தொம்மை வேட்டியை ஒருகையால் ஒதுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, தட்டைத் தரையில் ஒரு படி இறங்கினார். வயசான முட்டி சடக்கென்றது.

"எங்க வீட்டு மொற அது" என்றார் எதிர்ச் சுவரைக் காட்டி. "வாசலத் தாண்டுனா மாதா படத்துக்கு முன்னால தாழ்ந்துதான் வருவோம். நாயும் எங்களப் பாத்துப் படிச்சிகிட்டு."

சுவரில் மாதா படம் இருந்தது உண்மைதான். போன கிறிஸ்மஸ் மாலை காய்ந்து தொங்கியது. சுடர்விழி படத்தைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை வழிய நிற்கிற கிழவரை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த கருவியில் எதையோ தட்டி, "குறை ஒண்ணும் இல்லைன்னு போட்டுட்டேன்" என்றாள்.

வெளியே போய் வண்டியில் ஏறி, தலைக்கவசத்தை மாட்டப்போனவள், திரும்பி அமலோற்பவத்தைக் கூப்பிட்டாள்.

"பாட்டி, ரயில்வே கேட்டை ஆறு மணிக்கு முன்னாடியே தாண்டிடுங்க. அதுக்கப்புறம் கூட்ஸ் வண்டி வரும். அவர் காப்பியில சர்க்கரை அள்ளிப் போடுவாரு. உங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க."

வண்டி போய்விட்டது. தொம்மை வாசலிலேயே நின்றார். அவளுக்கு எவ்வளவு தெரியும், எத்தனை வீட்டில் இப்படி எழுதியிருக்கிறாள், நாளைக்கு வேறு ஒருத்தி வந்தால் என்ன ஆகும், ஒன்றும் பிடிபடவில்லை. நம்பலாமா கூடாதா என்று தெரியாத ஆளைக் கும்பிடவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

பொழுது சாய்ந்தது. நாய் எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றது. அமலோற்பவம் ஒரு தூக்குவாளியில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு பிடியைப் பிடித்தாள்.

"இன்னைக்காவது பின்னால வராதிய."

"வரல, போ."

தெருமுக்குவரை பார்த்துக்கொண்டு நின்றார். நாய் பள்ளத்தில் நின்றது, அவள் நின்றாள். நாய் நடந்தது, அவள் நடந்தாள். கேட் பக்கம் திரும்பி மறைந்தார்கள். அவள் சேலை மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாரைத் தடவியபடி வீட்டுக்குள் திரும்பினார்.

பார்க்க ஒருவரும் இல்லை. வாசலைத் தாண்டும்போது அவர் கால் தானாகத் தாழ்ந்து, ஒரு படி இறங்கியது.